அடுப்படிப் பள்ளிக்கூடமும் பட்டாளத்துக் கடிதங்களும்

எங்கள் ஊர் வாத்தியார் ஒரு திங்கட்கிழமை பட்டாளத்தில் சேரப் போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்கு அவர் ஒருவர்தான் வாத்தியார். காலையில் சிலேட்டும் கையுமாகப் போன என் பெண்கள் இருவரும் அரைமணி நேரத்தில் திரும்பி வந்து, கதவில் பூட்டுத் தொங்குகிறது என்றார்கள். என் ஆசிரியர் வேலை தொடங்கிய நாள் அதுதான்.

பிற்பாடு டிரெயினிங் முடித்து, ஜில்லா போர்டு ஸ்கூல்களில் வருஷக் கணக்காகப் பாடம் நடத்தினேன். இன்ஸ்பெக்டர்கள் பலரைப் பார்த்தேன். ஆனால் இந்த வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்த முக்கியமான விஷயம் அதற்கு முன்பே, அடுப்படியில் கற்றுக்கொண்டது. பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் இளம் தாய்மார் சிலர் எங்கள் சபையில் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

1. உலை கொதிப்பதற்குள் ஓர் அதிகாரம்

அது இரண்டாம் உலக யுத்த காலம். மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் கணவர் அங்கே ஜில்லா போர்டு நடத்திய லோக்கல் பண்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஊரில் கிறிஸ்தவக் குடும்பம் நாங்கள் ஒன்றுதான். அடுத்த பள்ளிக்கூடம் நாலு மைல் தூரம். மூத்தவள் ஞானத்துக்கு எட்டு வயது, லில்லிக்கு ஆறு.

"நீ எட்டாவது பாஸ் பண்ணவதானே, நீயே சொல்லிக் குடு" என்று கணவர் சுலபமாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

நானும் சுலபம் என்றுதான் நினைத்தேன். கணக்குக்குப் புளியங்கொட்டை இருந்தது. வாசிப்புக்குத்தான் புத்தகம் இல்லை. காகிதத் தட்டுப்பாட்டில் பாடப் புத்தகம் ஜெயங்கொண்டத்திலேயே கிடைக்கவில்லை. வீட்டில் இருந்தவை வேதபுத்தகமும் பாட்டுப் புத்தகமும்தான். எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. எழுத்துக் கற்பதே வேதம் வாசிக்கத்தான் என்று திருச்சி மிஷன் காம்பவுண்டில் சொல்லி வளர்க்கப்பட்டவள் நான்.

உலை வைத்ததும் ஜெபம். அது கொதிப்பதற்குள் ஓர் அதிகாரம். சோறு வடித்த பிறகு கணக்கு. ஆறு மாதத்தில் ஞானம் தட்டுத் தடங்கலில்லாமல் வாசித்தாள். ஒரே ஒரு தொந்தரவு, இருவரும் வேதத் தமிழிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். வேலியைப் பிய்த்துக்கொண்டு எருமை வந்தால் லில்லி ஓடி வந்து, "அம்மா, இதோ, எருமையானது நம்முடைய தோட்டத்துக்குள் பிரவேசித்தது" என்பாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் கத்தரிச் செடி போயிருக்கும்.

2. ஞானம் எழுதிய பதில்

அடுத்த வீட்டு அஞ்சலைக்கு இருபது வயது இருக்கும். கல்யாணமான மறு வருஷமே அவள் புருஷன் கோவிந்தன் பட்டாளத்துக்குப் போய்விட்டான். மாதம் ஒரு கடிதம் வரும். நாலு பேர் கூடும் வரை காத்திருந்து, தபால்காரர் அதைத் தெருவில் நின்று உரக்கப் படிப்பார். பதில் எழுதித் தர மட்டும் அவருக்கு நேரம் இருக்காது.

ஒருநாள் நான் ஏரிக்குத் துவைக்கப் போயிருந்தபோது அஞ்சலை ஞானத்திடம் பதில் எழுதித் தரக் கேட்டிருக்கிறாள். ஞானத்துக்குத் தெரிந்த கடிதமெல்லாம் அப்போஸ்தலர்கள் சபைகளுக்கு எழுதியவைதான். அதே தோரணையில், வாழ்த்துதலில் தொடங்கி ஆமென் வரை, இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

கோவிந்தனிடமிருந்து வந்த பதிலைத் தபால்காரர் வழக்கம்போல் தெருவுக்கே படித்துக் காட்டினார். அவன் ஒரே கேள்விதான் கேட்டிருந்தான்: நீ வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளாகிவிட்டாயா?

தெருவே சிரித்தது. அஞ்சலையின் மாமியார் செல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை. நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஞானத்தைக் கூப்பிட்டு நடந்ததை அவள் வாயாலேயே சொல்ல வைத்தேன். நானும் மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்றுத் தணிந்தபோது, பின்னாலேயே வந்து நின்ற அஞ்சலை வாயைத் திறந்தாள்.

"எனக்கே எழுத்துத் தெரிஞ்சா இந்தக் கூத்தெல்லாம் எதுக்குங்க? கம்பவுண்டரம்மா சொல்லிக் குடுத்தா நான் கத்துக்கிறேன்."

செல்லம்மா யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "கத்துக்கட்டும். ஆனா ஒங்க சாமி பொஸ்தகத்த வச்சு வேணாம்" என்றார்.

நான் சரி என்றேன். அவர் போன பிறகுதான், வேறு புத்தகம் இல்லையே என்பது உறைத்தது.

கடைசியில் கோவிந்தனின் பழைய கடிதங்களையே பாடமாக்கினோம். முதல் சொல் 'சௌக்கியம்'. எழுத்துப் பழகுகிறவளுக்கு அதைவிடக் கடினமான ஆரம்பம் அமையாது. நான்கு நாள் அதிலேயே நின்றாள். ஐந்தாம் நாள் அதைத் தானாகப் படித்தவுடன் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். சென்சாரில் கறுப்பு மை பூசிய வரிகள் வந்தால் என் பெண்களுக்குக் குஷி. அடியில் என்ன எழுத்து என்று வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள்.

மாதம் ஒருமுறை அரியலூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து ஆராதனை நடத்தும் உபதேசியார் இதைப் பார்த்துவிட்டார். "கர்த்தர் ஒரு ஆத்துமாவக் கொண்டாந்து ஒக்கார வச்சிருக்காரு. நீங்க பட்டாளத்து லெட்டரப் படிக்க வச்சுக்கிட்டு இருக்கீங்க" என்றார்.

"வாக்குக் குடுத்துட்டேங்கய்யா" என்றேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த இரண்டு மாதம் வரவில்லை. எனக்கு அப்படியொன்றும் துணிச்சல் கிடையாது. நான் செய்தது பாவமோ என்று தினமும் உலை வைக்கும்போது கேட்டுக்கொண்டேன். பதில் எதுவும் வரவில்லை. வாக்கை மீறவும் மனம் வரவில்லை. மூன்றாம் மாதம் உபதேசியார் வந்தார். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

3. விட்டுப் படித்த வரி

அஞ்சலை தேறிவிட்டாள். தபால்காரரிடம் கடிதத்தைக் கையில் வாங்கி, வீட்டுக்குள் கொண்டுபோய் மாமியாருக்குத் தானே படித்துக் காட்டினாள். தபால்காரருக்குத்தான் அதில் வருத்தம்.

ஒரு கடிதம் வந்த மறுநாள் அவள் சிலேட்டைத் தொடவே இல்லை. கேட்டதற்கு, கோவிந்தனின் இடது காலில் குண்டு பாய்ந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றாள். அம்மாவுக்கு மூச்சு இரைப்பு இருப்பதால் அவரிடம் சொல்லாதே என்று எழுதியிருந்தான். அந்த வரிகளை விட்டுவிட்டு மற்றதை மாமியாருக்குப் படித்துக் காட்டியிருந்தாள்.

"ஒங்ககிட்டதான் சொல்றேன். ஒங்க சாமிகிட்ட நீங்க சொல்லுங்க" என்றாள்.

பெண்களையும் உட்கார வைத்து ஜெபித்தேன். அவள் போனதும் லில்லி, "தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அது பொய்யாம்மா?" என்று கேட்டாள். பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் அதுவரை எப்படியாவது ஒரு பதில் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் முதல்முறையாக எனக்குத் தெரியாது என்றேன்.

யுத்தம் முடிந்து கோவிந்தன் கோலூன்றி, காலை இழுத்து இழுத்து வந்து சேர்ந்தான். அன்று சாயங்காலமே செல்லம்மா எங்கள் வாசலில் நின்றார்.

"எழுத்தக் கத்துக் குடுக்கச் சொன்னா, மறைக்கக் கத்துக் குடுத்திருக்கீங்க. ஒங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும். அவ சொன்னா. நான் ஒங்ககிட்ட சொல்லல" என்றேன்.

அவர் திரும்பிப் போனார். பத்து நாள் அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அஞ்சலை கிணற்றடியில் என்னைப் பார்த்தும் பார்க்காதவள்போல் போனாள்.

பதினோராம் நாள், வகுப்பு நடக்கிற நேரத்தில் செல்லம்மா வந்தார். சந்தையில் வாங்கிய புதுச் சிலேட்டு ஒன்று இடுப்பில் செருகியிருந்தது. லில்லியைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுச் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"இனிமே எனக்கு நானே படிச்சுக்கிறேன். ஒருத்தரையும் நம்புறதா இல்ல" என்றார்.

ஒவ்வொரு எழுத்தையும் திட்டிக்கொண்டேதான் கற்றார். எட்டு மாதம் பிடித்தது. படிக்க வந்தவுடன் அவர் செய்த முதல் வேலை, மகனின் பழைய கடிதங்கள் அத்தனையையும் வரிசையாக வைத்து, மருமகள் விட்டுப் படித்த வரிகளைத் தேடியதுதான். இன்னும் இரண்டு அகப்பட்டன. மூன்று நாள் அந்த வீட்டில் ஒரே சத்தம். நாலாம் நாள் இரண்டு பேரும் சேர்ந்து புளி உலுக்கப் போனார்கள்.

வேதம் வாசிக்கத்தான் எழுத்து என்று நம்பித் தொடங்கியவள் நான். அந்த ஆசை இன்றும் எனக்கு உண்டு. ஆனால் கற்றுக் கொடுத்த எழுத்தை அவர்கள் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பது நம் கையில் இல்லை. பிள்ளைக்கு 'அ' எழுதிக் காட்டுகிற அன்றே, நமக்குப் பிடிக்காததையும் இது ஒருநாள் வாசிக்கும் என்று தெரிந்துகொண்டே எழுதிக் காட்டுங்கள். பயமாக இருந்தால் ஜெபியுங்கள். சிலேட்டை மட்டும் பிடுங்காதீர்கள்.