ஆறோடு நின்ற அத்தை

அன்று அத்தைக்கு ஏழு உண்மையிலேயே மறந்துபோனதா? இத்தனை வருஷமாகியும் எனக்குத் தெரியவில்லை.

அப்பாவின் தங்கை அவள். அறுபதுகளில் கிழக்குத் தாம்பரத்தில் எங்களோடுதான் இருந்தாள். அவளைக் கன்னியாஸ்திரியாக இத்தாலிக்கு அனுப்புவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். அதற்காக மடத்தில் இத்தாலி மொழி சொல்லிக்கொடுத்தார்கள். கற்றதை அத்தை ரயில்வே கேட்டில் நிற்கும்போது எனக்குச் சொல்லித்தருவாள். கடந்துபோகும் பெட்டிகளை ஊனோ, தூவே, த்ரே என்று இருவரும் எண்ணுவோம்.

ஏழு மட்டும் என் வாயில் நிற்காது.

"வேளாங்கண்ணித் திருவிழா எந்த மாசம்டி?"

"செப்டம்பர்."

"அதுக்குள்ளதான் ஸெட்டே இருக்கு. அக்டோபர்ல ஒட்டோ, நவம்பர்ல நோவே, டிசம்பர்ல தியேச்சி. அந்தக் காலத்துல ரோம்ல மார்ச்சுலதான் வருஷம் பொறக்கும். எண்ணிப் பாரு."

விரல்விட்டு எண்ணினேன். செப்டம்பர் ஏழாவதாக வந்தது. மாதாவே எனக்காக ஒளித்துவைத்தது போலிருந்தது.

ஒருநாள் மடத்திலிருந்து இத்தாலிய மதர் வீட்டுக்கு வந்தார். மொழி வராதவர்களை அந்த வருஷம் அனுப்பமாட்டார்களாம். பத்துவரை சொல்லச் சொன்னார். அத்தை ஆறோடு நின்றுவிட்டாள்.

"மறந்துட்டேன் மதர்" என்று தரையைப் பார்த்தாள்.

"அப்போ இந்த வருஷம் வேண்டாம்" என்றார் மதர். அப்பாவின் முகம் கறுத்தது.

கதவோரம் நின்ற என்னால் பொறுக்க முடியவில்லை. "செப்டம்பர் அத்தை! ஸெட்டே, ஒட்டோ, நோவே, தியேச்சி!" என்று கத்தினேன்.

மதர் கைதட்டிச் சிரித்தார். "உனக்கு யாருடி சொல்லிக்குடுத்தா?" என்றார் அப்பா.

"அத்தைதான்!"

"பாத்தீங்களா மதர்? எல்லாம் தெரியும் இவளுக்கு. வெறும் கூச்சம். கூட்டிட்டுப் போங்க."

அம்மா என் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். அத்தை அவிழ்ந்திருந்த என் ரிப்பனைக் கட்டிவிட்டாள். அதன்பிறகு கேட்டில் நின்றபோது அவள் பெட்டிகளை எண்ணவில்லை. அத்தையின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். போக விருப்பமா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இருபது வருஷம் கழித்து இப்போது என் மகள் எண்கள் படிக்கிறாள். விருந்தாளிகள் முன் ஒப்பிக்கச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. டிசம்பரில் அத்தை இத்தாலியிலிருந்து விடுமுறைக்கு வருகிறாள். குழந்தைக்கு இத்தாலியில் எண்ணக் கற்றுத்தருவாளாம். அன்று ஏழு நிஜமாகவே மறந்ததா என்று அவளிடம் கேட்டுவிடலாமா? தெரிந்தேதான் நிறுத்தினேன் என்று சொல்லிவிட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? கேட்காமலே இருப்பது இன்னும் பெரிய தப்போ? உங்கள் வீட்டில் இப்படி ஒருத்தி இருந்தால் கேட்பீர்களா? தயவுசெய்து எழுதுங்கள்.