எறும்பு புகாத அறை

அத்திம்பேர் அந்தக் குளிர் மிஷினை வாங்கி வந்தது ஆசைக்காக இல்லை, பயத்தில்தான். அவருக்கும் என் அக்காவுக்கும் பிறந்த மூத்த பிள்ளை ஒரு பங்குனிப் புழுக்கத்தில் ஜுரம் கண்டு போய்விட்டது. நடக்க ஆரம்பித்த குழந்தை. அக்கா மறுபடி உண்டானதும், இந்தத் தடவை வெயிலால் எதுவும் ஆகக் கூடாது என்று அவர் தனக்குள் ஒரு கங்கணம் கட்டிக்கொண்டார். கயிறு ஏற்றுமதிக் கம்பெனியில் அவருக்குக் கணக்கு வேலை. அங்கே இருந்த வெள்ளைக்கார மேனேஜர், சுதந்திரம் வந்த பிறகு வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பினார். கட்டில், அலமாரி எல்லாவற்றையும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் வேண்டாத மிஷின் ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்தில் இருந்த அத்திம்பேர் வீட்டுக்கு மாட்டுவண்டியில் வந்தது.

எங்கள் அம்மா காலமாகிவிட்டதால் பிரசவத்துக்கு நாகர்கோவிலில் எங்கள் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போக ஆளில்லை. துணைக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். எனக்கு அப்போது தாவணி வயசு. அந்த வீட்டில் அத்திம்பேர் எதிரே நின்று நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்காவின் மாமியாரை மாமி என்பேன்; அவள் கூப்பிட்டால் போவேன், சொன்னதைச் செய்வேன்.

மிஷினை வைக்கும்போது பார்த்துக்கொண்டிருந்தேன். பின்கட்டு அறையின் ஜன்னலில் இருந்த மரக்கம்பிகளை ஆசாரி அறுத்து எடுத்தார். அரிசிக் குதிர் போல இருந்த அதை நாலு பேர் தூக்கி அந்த இடத்தில் உட்கார்த்தினார்கள். பாதி உடம்பு வீட்டுக்குள், பாதி வெளியே. ஒயர் இழுக்க வந்தவர் மலையாளத்துக்காரர். அவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு ஓட்ட பாடில்ல சாமி, தணுப்பு முழுவன் புறத்து போவும். எறும்பு கேறப்படாது" என்றார்.

குளிர் வெளியே போகாமல், எறும்புகூட நுழைய முடியாதபடி அடைக்க வேண்டும் என்பதை அத்திம்பேர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மச்சுப் பலகைகளின் இடுக்குக்கெல்லாம் கஞ்சிப்பசை தடவிக் காகிதம் ஒட்டினார். கதவுக்கு மேலே காற்றுக்கென்று விட்டிருந்த மர அழியைப் பலகை வைத்து அடைத்தார். கதவடியில் செருகப் பழைய போர்வை ஒன்றைச் சுருட்டி வைத்தார். சுவிட்சைப் போட்டதும் வீடே உறுமியது. நான் அங்கே போன பிறகு அக்கா முதல்முதலாகச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வைகாசிக் கடைசியில், மழை பிடித்த அன்று, பெண் குழந்தை பிறந்தது. அந்த அறையிலேயே பிறந்தது. மழைக்கு வெளியே குளிர்ந்துவிட்டது. ஆனாலும் அத்திம்பேர் மிஷினை நிறுத்த மறுத்தார். மாமிக்கு ஆத்திரம். பெற்றவளுக்கும் குழந்தைக்கும் குளித்ததும் கும்மட்டி அடுப்பில் சிரட்டைக்கரி போட்டு அனல் காட்ட வேண்டும், சாம்பிராணி போட வேண்டும். அதுதான் அவள் அறிந்தது. மாமியும் அத்திம்பேரும் கூடத்தில் நின்று சண்டை போட்டார்கள்.

"நீ பெத்தியா, நான் பெத்தேனா? பெத்தவளுக்குக் குளிர் ஆகாதுடா."

"மூத்தது எதுல போச்சு? வெக்கையிலதானே?"

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. கும்மட்டி உள்ளே இருக்கும்போது மிஷினை நிறுத்துவது, கும்மட்டி அணைந்ததும் ஓட்டுவது. ஆனால் கதவை மட்டும் எந்நேரமும் சாத்தியே வைப்பது. சேர்ந்த அனலும் வீணாகக் கூடாது, சேர்ந்த குளிரும் வீணாகக் கூடாது. வீட்டில் அமைதி வந்தது. எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். பதினோராம் நாள் புண்யாகவாசனம் செய்து தீட்டுக் கழிகிறவரை அது தீட்டு அறை. மாமி நிலைப்படிக்கு வெளியே நின்றுதான் பேசுவாள். அத்திம்பேர் அதற்கும் பின்னால். கும்மட்டியை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள், நான் உள்ளே இழுத்துக்கொள்வேன். அந்த அறையின் காற்றுக்காகச் சண்டை போட்டவர்கள் அந்தக் காற்றை ஒரு தடவைகூட மூச்சில் இழுத்ததில்லை.

அக்காவுக்குத் தலைவலி வந்தது. "பொளக்கறதுடி" என்று நெற்றியைச் சுவரில் வைத்துக்கொள்வாள். நான் வாசலில் வந்து சொன்னேன். குளிர் தலையில் ஏறிவிட்டது என்று மாமி மறுநாள் ஒரு கை கரி கூடப் போட்டாள். வெக்கை எங்கிருந்தோ உள்ளே வருகிறது என்று அத்திம்பேர் இன்னும் காகிதம் கொடுத்து, பசை விட்டுப்போன இடத்தில் என்னை ஒட்டச் சொன்னார். நான் ஒட்டினேன்.

எனக்கும் தலை வலித்தது. துணி அலசக் கிணற்றடிக்குப் போனால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும், உள்ளே வந்தால் மறுபடி பிடிக்கும். இதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறேன் என்பார்களோ என்றும் இருந்தது.

குழந்தை அழவே அழாது. பார்க்க வந்த அக்கிரகாரத்து மாமிகள் எல்லோரும் அதைத்தான் மெச்சினார்கள். ஒருத்தி வாசலில் இருந்தே எட்டிப் பார்த்து, "என்ன செக்கச் செவேல்னு இருக்கு பாரு, அப்படியே ரோஜாப்பூ" என்றாள். மாமிக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

புண்யாகவாசனத்துக்கு முந்தின நாள் காலையில் மழை கொட்டியது. ஈரத்துக்கு வேண்டுமென்று மாமி கும்மட்டி நிறையக் கரி போட்டிருந்தாள். நான் அதை உள்ளே வைத்துவிட்டு, போர்வையைக் கதவடியில் செருகிவிட்டுத் துணி அலசப் போனேன். மழையில் வேலை இழுத்துவிட்டது. திரும்பி வந்து அக்காவைக் கூப்பிட்டேன். பாயில் அசையாமல் கிடந்தாள். குழந்தை மார்பில் வாய் வைத்தபடி இருந்தது, ஆனால் வாய் அசையவில்லை. அக்காவின் தோளைத் தொட்டேன். கை தானாக நழுவி விழுந்தது.

மாமி என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைத்தேன். அந்த வீட்டில் ஓங்கிப் பழகாத குரல், மழைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பித்தளைச் சொம்பை எடுத்து மிஷினின் இரும்பு முகத்தில் வீசினேன். கோயில் மணி போல அது அதிர்ந்தது.

இருவரும் ஓடி வந்தார்கள். அத்திம்பேர் நிலைப்படியில் நின்றுவிட்டார்.

"உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டார்.

மாமி மடிப்புடவையோடு அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். குழந்தையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். நான் அக்காவைப் பாயோடு இழுத்தேன். நிலைப்படியில் பாய் மாட்டிக்கொண்டபோதுதான் அத்திம்பேரின் கை வந்து மறுமுனையைப் பிடித்தது.

முற்றத்து மழையில் மாமி குழந்தையின் முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் அதன் மேல் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு அது அழுதது. அதுவரை கேட்டிராத அழுகை.

அக்கா சாயங்காலம்தான் கண் விழித்தாள். யாரையோ பார்ப்பது போல எங்களைப் பார்த்தாள்.

மிஷினைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஜன்னலுக்கு மறுபடி கம்பி போட்டார்கள். குளிர்தான் அவளை அடித்தது என்று மாமி சாகிறவரை சொன்னாள். கரி வெக்கை என்று அத்திம்பேர் சொன்னார். கரிப்புகையை உள்ளேயே அடைத்து வைத்த காகிதத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. அக்கா அதற்குப் பிறகு சமைத்தாள், கோலம் போட்டாள், பெண்ணை வளர்த்தாள். ஆனால் நடுவில் சில வருஷங்கள் அவளிடம் இல்லை. மூத்தது போன ஞாபகமும் அதோடு போய்விட்டது.

மழை வந்தால் கேட்பாள். "அவன் எங்கடி? நனையறானா?"

அத்திம்பேர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். நான் அவள் பார்க்கட்டும் என்று பின்கட்டு ஜன்னலை அகலத் திறந்து வைப்பேன்.