தானாக அடித்த ஹாரன்

கிளட்ச் டீச்சர் என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் அவளிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்கள்தான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவள் போடும் சத்தம் தெருமுனைவரை கேட்கும். பதினெட்டு வருடமாக அதே வேலை. சின்னக் கார்களில் கற்றுக்கொடுக்க ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். வீட்டில் பெரிய வண்டி நின்றும் அதைத் தொடப் பயந்த பெண்கள் இவளைத் தேடி வந்தார்கள். அதற்காகவே உயரமான எஸ்யூவி ஒன்றை வாங்கி, தன் பக்கமும் பிரேக், கிளட்ச் பெடல்கள் பொருத்தியிருந்தாள்.

அந்த வண்டிக்குத்தான் மழைக்காலம் தொடங்கியதும் பேய் பிடித்தது.

முதலில் மாட்டியது ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி. சிக்னலில் நிற்கும்போது ஹாரன் வீறிட்டது. வெயிலில் காய்ந்து கிடந்த கண்ணாடியை வைப்பர் வறட் வறட்டென்று துடைத்தது. முன்னால் நின்ற பைக்காரர் திரும்பி முறைத்தார்.

"கையை எதுக்கு அங்க கொண்டு போறீங்க?"

"நான் தொடவே இல்லைக்கா."

"தொடாம அதுவா அடிக்குமா?"

நர்ஸ் முகம் சுருங்கிப் போய்விட்டது. மறுநாள் டீச்சர் தனியாகப் போகும்போது, சுரங்கப்பாதையின் நடுவில் முன் விளக்குகள் இரண்டும் அணைந்தன. கும்மிருட்டு. பின்னால் லாரி. எப்படியோ ஒரு ஓரமாக ஒதுங்கி வெளியே வந்து நிறுத்தினால், கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டு திறக்க மறுத்தன. ஜன்னலும் இறங்கவில்லை. உள்ளே வியர்த்துக் கொட்ட உட்கார்ந்தபடியே அவள் முதலில் செய்த காரியம் நர்ஸுக்குப் போன் போட்டதுதான். "உங்க மேல தப்பில்லைம்மா. நான்தான் கத்திட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். அதற்குள் கதவு தானாகவே திறந்துகொண்டது.

சர்வீஸ் சென்டரில் அழுத்தி வாரிய தலையோடு ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். புகார்களைக் கேட்டுக்கொள்வது அவன் வேலை. அவன் கேட்டான் என்று சொல்ல முடியாது. சிரித்தான்.

"தெரியாம ஏதாவது பட்டனை அமுக்கியிருப்பீங்க மேடம். இந்த வண்டியில பட்டன் கொஞ்சம் அதிகம்."

"தம்பி, நான் வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கிறவ."

"அப்படியா, நல்லது மேடம்" என்று அதற்கும் சிரித்தான்.

பேட்டரியை மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் வண்டி சமர்த்தாக இருந்தது. அடுத்த மழைக்கு மறுபடி வைப்பர், ஹாரன், கதவு என்று ஒவ்வொன்றாகக் கிளம்பியது. திரும்பக் கொண்டுபோய் விட்டாள். அன்று மத்தியானம் அந்த இளைஞன் போன் செய்தது அவளுக்கல்ல, அவள் கணவருக்கு.

கணவர் திரைச்சீலை தைக்கிற கடை வைத்திருந்தார். வண்டி என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஏறினால் குமட்டும். சாயங்காலம் அவர் அப்பாவியாகச் சொன்னார்: "வண்டியில ஒண்ணுமில்லையாம். மேடம் கொஞ்சம் பதட்டமா ஓட்டுறாங்க போலன்னு சொன்னார் அந்தப் பையன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்படியான்னேன்."

அவ்வளவுதான், வந்தது ஆத்திரம்.

"அப்படியாவா? பதினெட்டு வருஷமா நான் எதையாவது இடிச்சிருக்கேனா? எவனோ ஒருத்தன் போன்ல சொல்றான், உங்களுக்கு 'அப்படியா'ன்னு கேட்க வாய் வருதா?"

"வேற என்ன சொல்றது? எனக்கு அதுல என்ன தெரியும்?"

"அது தெரியாதுன்னா சரி. என்னையுமா தெரியாது?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது போல அந்தப் பையன் தன்னை நினைத்துவிட்டானே என்ற எண்ணம் அவளைத் தூங்கவிடவில்லை. காலையில் நேராக சர்வீஸ் சென்டருக்குப் போனாள். இந்த முறை அவன் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

"வெளியில மாட்டின அந்த எக்ஸ்ட்ரா பெடல்னாலதான் மேடம் பிரச்சினை."

"அது வெறும் இரும்புக் கம்பி. அதுல ஒரு ஒயர் இருந்தாக் காட்டுங்க, நான் பேசாம வீட்டுக்குப் போறேன்."

அவன் காட்டவில்லை. வாடிக்கையாளர் உள்ளே வரக் கூடாது என்றான். வரவேற்பறை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், வண்டி தூக்கும் லிஃப்டுக்குப் பக்கத்தில் தன் வண்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "என் கண்ணு முன்னாடி திறங்க. அதுவரைக்கும் நான் நகர மாட்டேன்."

எலக்ட்ரீஷியன் டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு ஸ்டீயரிங்குக்குக் கீழே புகுந்தார். நெடுநேரம் கழித்து ஒரு கறுப்புப் பெட்டியைக் கழற்றி வெளியே எடுத்தார். விளக்கு, கதவு, வைப்பர், ஹாரன் எல்லாவற்றுக்கும் உத்தரவு போகிற பெட்டி அது. அதன் உலோகப் பின்கள் பச்சைப் பாசி பிடித்தது போல் அரித்திருந்தன. சாய்த்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

"வண்டி கழுவும்போது உள்ள தண்ணி விட்டிருப்பீங்க மேடம்" என்றான் இளைஞன் உடனே.

எலக்ட்ரீஷியன் அவனைப் பார்க்கவில்லை. முன்கண்ணாடியின் ஓரத்திலிருந்து டேஷ்போர்டுக்குள் இறங்கியிருந்த ஈரக்கோட்டை விரலால் தடவிக் காட்டி, "மேல இருந்து வருது. கண்ணாடி ஒட்டினது சரியில்லை" என்றார்.

அந்தக் கண்ணாடி கல் பட்டு உடைந்தபோது மாற்றிக் கொடுத்தது இதே இடம்தான். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்தது போலிருந்தது டீச்சருக்கு. எழுந்து நின்றாள்.

"ஓட்டையை விட்டது நீங்க. பேட்டரியில பழி, பெடல்ல பழி, கடைசியில என் தலையில பழி! சுரங்கப்பாதையில அந்த லாரிக்காரன் பிரேக் போடாம இருந்திருந்தா என் வீட்டுக்காரருக்கு எந்த நம்பர்ல இருந்து போன் பண்ணி, மேடம் பதட்டமாச் செத்துட்டாங்கன்னு சொல்லியிருப்பீங்க?"

வேலை செய்துகொண்டிருந்த எல்லாரும் ஸ்பேனரை நிறுத்தினார்கள். சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். வந்ததும் முதல் கேள்வி, "சார் வரலையா மேடம்?"

டீச்சர் என்ன சொன்னாள் என்பதை அங்கிருந்தவர்கள் இன்றும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பெட்டியை அவர்கள் பொறுப்பிலேயே மாற்றி, கண்ணாடியையும் கழற்றி ஒட்டித் தருவதாக மேனேஜர் ஒப்புக்கொண்டார் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை.

புதுப் பெட்டி வந்து சேர்ந்ததும் மாட்டினார்கள். மாட்டினால் போதாதாம். இது இன்ன வண்டி, இவை இதன் சாவிகள் என்று கம்ப்யூட்டரை இணைத்து அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். அதுவரை வண்டி கிளம்பாது. இரண்டு சாவியும் கையில் இருக்க வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். இன்னொரு சாவி வீட்டில். கணவர் கடையைப் பூட்டிவிட்டு பஸ் பிடித்துக் கொண்டுவந்தார்.

அவரைக் கண்டதும் இளைஞனுக்கு உயிர் வந்தது. "வாங்க சார், உங்களுக்கு விளக்கமாச் சொல்றேன்" என்று ஆரம்பித்தான். கணவர் பஸ்ஸில் வந்த கிறுகிறுப்பு தீராமல் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எனக்கு வண்டியில முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு தெரியும், அவ்வளவுதான். சொல்றதை அவங்ககிட்டச் சொல்லுங்க. அன்னைக்குப் போன்லயே நான் இதைச் சொல்லியிருக்கணும்."

டீச்சர் அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

வண்டி கிளம்பியது. விளக்கு, வைப்பர், பூட்டு எல்லாம் போட்டுப் பார்த்தாள். முன்கண்ணாடியின் மேல் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடச் சொல்லி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். ஈரமில்லை. வாசல்வரை ஓட்டிவந்தவள் கேட்டின் குறுக்கே நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள்.

மேனேஜர் ஓடி வந்தார். "என்ன மேடம், மறுபடியும் பிரச்சினையா?"

"வண்டி நல்லா இருக்கு. நீங்க இன்னும் ஒரு வார்த்தை சொல்லலை."

"வண்டிதான் சரியாயிடுச்சே மேடம். சரி, ஏதோ தப்பு நடந்துபோச்சு."

"நடந்துபோச்சா? எப்படி, என் ஹாரன் மாதிரி தானாவா? யார் செஞ்சது?"

பின்னால் வெளியே போக வேண்டிய வண்டிகள் வரிசையாகச் சேர்ந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. மேனேஜர் அவற்றைப் பார்த்தார், இளைஞனைப் பார்த்தார். இளைஞன் சிரிக்கவில்லை.

"எங்க ஆளுங்கதான் மேடம். கண்ணாடியைச் சரியா ஒட்டலை. உங்களைக் குறை சொன்னதும் தப்பு. மன்னிச்சுக்குங்க."

டீச்சர் சாவியைத் திருப்பினாள்.

பாதி வழியில் கணவர் ஜன்னலை இறக்கிக் காற்றை வாங்கியபடி கேட்டார்: "இன்னும் கோபமா?"

"ஆமா."

"அதான் மன்னிப்புக் கேட்டாங்களே."

"கேட்கலை. நான் கேட்க வச்சேன். ரெண்டும் ஒண்ணா?"

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்லைதான்" என்றார். கடை வாசலில் அவரை இறக்கிவிட்டு, அவள் நர்ஸைக் கூட்டிவர ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியைத் திருப்பினாள். அன்றைய பாடம் மேட்டில் நிறுத்தி எடுப்பது.