புளிக்கூடைக்குள் ஒரு வீரன்

படக்கதைகளுக்காக ஓவியர்கள் கையால் வரைந்த அசல் அட்டைகளைச் சேகரிக்கும் ஒருவர், வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒன்றை உறையிலிருந்து எடுத்தபோது புளி வாசனை வந்தது; அட்டை ஓரமெல்லாம் பழுப்புக் கறை. "ஓவியர் சிந்தின காபிக்கறைங்க" என்றார் பக்தியோடு. காபியாம்!

எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலையில் கடை வைத்திருந்த என் மாமா, திருப்பத்தூர் பழைய பேப்பர் கடையில் வாங்கிய இதே மாதிரி அட்டைகளைத்தான் புளிக்கூடைக்குள் சுற்றிலும் செருகுவார். புளி விற்று இறங்க இறங்க தொப்பி, மீசை, கத்தி என்று வீரன் மெல்ல வெளியே வர, நாங்கள் கூடையைச் சுற்றியே கிடப்போம். "படத்த இன்னாத்துக்குப் பாக்குறீங்க? அட்டை கெட்டியா கீது, அவ்ளோதான்" என்று விரட்டுவார்.

"இந்தக் கதை எப்படி முடியும்?" என்று சேகரிப்பாளரைக் கேட்டேன்.

"படிச்சதில்லைங்க. அடிக்கடி தொட்டா கறை பட்டுடும்."

மாமாவும்தான் படித்ததில்லை, அதற்காக அவர் கையுறை மாட்டிக்கொண்டதில்லை.