வலது இருக்கையில் மட்டாஞ்சேரி வரை

போன பதிவில் எங்கள் காரின் படத்தைப் போட்டதும், போடியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு அதில் போய்வந்த கதையை எழுதச் சொல்லி நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு வியாழக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்பினோம். கார் என் வீட்டுக்காரருடையது. இன்ஜினைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்கள் அவரைத்தான் பிடிக்க வேண்டும். நான் அதன் வலது இருக்கையில் உட்கார்ந்து வந்தவள். அந்த இருக்கையைப் பற்றி அவரைவிட எனக்கு அதிகம் தெரியும்.

முதலில் கார். அமெரிக்காவில் 1971-இல் செய்தது, எட்டு சிலிண்டர், கதவு இரண்டே இரண்டு. கம்பெனிப் பெயரை எழுதினால் ரசிகர்கள் கருத்துப் பெட்டியில் வந்து சண்டை போடுவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். எந்தக் காலத்திலோ சென்னையில் தூதரக வேலைக்கு வந்த ஒருவர் கப்பலில் கொண்டுவந்து, போகும்போது விட்டுவிட்டுப் போனது. பல கை மாறி, எட்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஏலக்காய் வியாபாரிக்கு இது எதற்கு என்று ஊரே கேட்டது. நான் மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது.

இந்தக் காரில் ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும். அதன் கஷ்டம் நம் மலைச் சாலையில் ஓட்டினால்தான் புரியும். முன்னால் ஒரு லாரி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை ஓரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு லாரியின் முதுகைத் தவிர எதுவும் தெரியாது. எதிரே என்ன வருகிறது என்று பார்க்க முடிவது வலது பக்கம் இருப்பவருக்கு மட்டுந்தான். அதனால் ஒவ்வொரு தடவை முந்தும்போதும் அவர் என்னிடம் கேட்பார், "போலாமா?" நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, "பொறுங்க" என்பேன், அல்லது "போங்க" என்பேன். நான் சொன்னால்தான் கார் நகரும். கணக்குத் தப்பினால் எதிரே வருவது முதலில் மோதுவதும் என் பக்கத்தில்தான். அந்த இருக்கைக்கு அந்த உரிமையும் உண்டு, அந்த அபாயமும் உண்டு.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பூப்பாறையில் இருந்த தோட்டத்தை விற்றபோது என்னைக் கேட்கவில்லை. மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று கேட்கவில்லை. சமையலறையில் என்ன கல் பதிப்பது என்றுகூட மேஸ்திரியைக் கேட்டாரே தவிர அங்கே நிற்கப்போகிறவளைக் கேட்கவில்லை. ஆனால் காரில் ஏறிவிட்டால் மனிதர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "போலாமா?" என்பார். நான் "பொறுங்க" என்றால் பொறுப்பார். இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் அவர் என் பேச்சைக் கேட்ட ஒரே இடம் அதுதான். மலையேறினால் வாந்தி வருகிற நான் எட்டு வருடம் அவர் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனது வேறு எதற்கு?

இந்த முறை கிளம்பியதற்குக் காரணம் பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பதில் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய காரின் ரப்பர் குழாய்களை அது அரித்துவிடுகிறது. கார் இருமத் தொடங்கியது, ஏற்றத்தில் நின்று நின்று போனது. இந்த மாதிரி வண்டிக்குக் கை வைக்க மட்டாஞ்சேரியில் ஒருவர் இருப்பதாகத் தகவல் கிடைத்ததும் அமெரிக்காவிலிருந்து குழாய், கேஸ்கெட் எல்லாம் தருவித்துக்கொண்டு புறப்பட்டோம். வரியோடு சேர்த்து அதற்கு ஆன தொகையில் நான் ஒரு நல்ல பட்டுப்புடவை எடுத்திருக்கலாம்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் முடியும்போது விடிந்திருந்தது. மூணாறு வரை எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கே புட்டும் கடலையும். பிறகு அடிமாலி, நேரியமங்கலம், கோதமங்கலம், மூவாற்றுப்புழை என்று நூற்று முப்பது கிலோமீட்டர். வழி நெடுக அவர் கேட்டார், நான் சொன்னேன். குண்டன்னூரில் திரும்பி வெலிங்டன் தீவு வழியாகத் தோப்பும்படிப் பாலம் ஏறி மட்டாஞ்சேரிக்குள் நுழையும்போது மணி ஒன்று. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி. போகவரப் பெட்ரோலுக்கு மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் எடுத்து வையுங்கள்.

பஜார் சாலைக்குள் இந்த அகலத்தில் ஒரு காரைக் கொண்டுபோக நினைப்பவர்கள் மதிய நேரத்தில் போகாதீர்கள். இரண்டு பக்கமும் சுக்கு, மிளகு மூட்டை இறக்கும் லாரிகள். சுமட்டுத் தொழிலாளிகள் மூட்டையோடு நின்று காரைப் பார்த்தார்கள், நாங்கள் அவர்களைப் பார்த்தோம், அரை மணி நேரம் அப்படியே போனது. பட்டறை ஒரு பழைய இஞ்சிக் கிடங்கில் இருந்தது. ஓட்டுக் கூரை, உள்ளே கிரீஸ் வாடையையும் மீறிச் சுக்கு வாசனை.

மெக்கானிக்கின் பெயர் மணிகண்டன், எல்லாருக்கும் மணிச் சேட்டன். நாலு தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பமாம். தமிழில் பேசுவார், பில்லை மலையாளத்தில்தான் எழுதுவார். வாய் ஓயாத மனிதர். வெள்ளிக்கிழமை முழுக்கக் குழாய்களை மாற்றினார். அடுத்த நாள் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி மாட்டி, பிளக்கைக் கழற்றிக் கழற்றி அதன் நுனியைப் பார்த்தார். சாயா நிறத்தில் இருந்தால் சரியாம், கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகமாம்.

நடுவில் என்னைப் பார்த்து, நான் எதற்கு வலது பக்கம் உட்கார்ந்து கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தேன் என்று விசாரித்தார். சொன்னேன். உடனே அவருக்கு ஒரு யோசனை.

"சாரே, வலது கண்ணாடியில ஒரு குட்டி கேமரா வெச்சுத் தரட்டா? முன்னால ஒரு ஸ்கிரீன். பின்னே சேச்சி இல்லாட்டியும் ஓட்டலாம், கேட்டோ."

என் வீட்டுக்காரர் பதறிவிட்டார். "ஒரிஜினல் கண்ணாடி மணி அது. அதுல ஓட்டை போடுறதா? கேமராவெல்லாம் எதுக்கு, இவ இருக்கால்ல."

அன்று அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். சாயாவுக்கு நானே காசு கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே சந்தோஷத்தில் வாயைத் திறந்தது தப்பாகப் போய்விட்டது. நான் வளர்ந்தது தேவிகுளம் பக்கம் எஸ்டேட்டில். கீழே சமவெளியில் சரிபண்ணிக் கொண்டுவந்த ஜீப் மேலே ஏறினால் கரும்புகை கக்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்; மேலே காற்று குறைவு. இங்கே கடலோரத்தில் சரிசெய்தால் எங்கள் மலைக்கு ஒத்துவருமா என்று கேட்டேன். மணிச் சேட்டன் கையைத் துடைத்துக்கொண்டு, சேச்சி சொல்வது நேருதான், பெட்ரோல் பாயும் துளையான ஜெட்டை ஒரு அளவு சின்னதாகப் போடலாம், ஆனால் பவர் கொஞ்சம் குறையும் என்றார்.

"குறைக்க வேணாம்" என்றார் இவர். என் பக்கம் திரும்பவே இல்லை.

சனிக்கிழமை மாலை இரண்டு பேரும் வெலிங்டன் தீவின் அகலச் சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். என் இருக்கையில் மணிச் சேட்டன். நான் படகில் எறணாகுளம் போய்வந்தேன், யூத வீதியில் விலை மட்டும் கேட்டேன், ஒரு சின்னக் கடையில் மரவள்ளிக் கப்பையும் மீன் கறியும் சாப்பிட்டேன். மூன்று நாளில் நிம்மதியான பொழுது அதுதான், கடைக்காரரிடமே தைரியமாகச் சொன்னேன். திரும்பிவந்த இவர் முகத்தில் இருந்த சிரிப்பை எங்கள் கல்யாண ஆல்பத்தில் தேடினாலும் கிடைக்காது. கால் வைத்தால் பறக்கிறது என்றார். அறையில் தூங்கும்வரை அதையே சொன்னார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். கோலஞ்சேரி தாண்டி ஒரு டேங்கர் லாரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. பழக்கத்தில் தலையை வெளியே நீட்டினேன். அதற்குள் கார் லாரியைத் தாண்டியிருந்தது. அடுத்து ஒரு வேன், ஒரு டெம்போ. எதற்கும் கேட்கவில்லை.

"கேக்கவே இல்லையே?" என்றேன்.

"இப்பத்தான் பிக்கப் இருக்குல்ல. எதுவும் வர்றதுக்குள்ள தாண்டிரலாம்."

நேரியமங்கலம் பாலம் தாண்டினால் காட்டுச் சாலை, வளைவுக்கு வளைவு. மர லாரி ஒன்றின் பின்னால் இருந்தோம். நான் "பொறுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் வலது பக்கம் எடுத்துவிட்டார். வளைவிலிருந்து ஒரு பஸ் வந்தது. அவருக்கு அது தெரியவில்லை, எனக்கு அது மட்டுந்தான் தெரிந்தது. பஸ்ஸின் முகம் என் கதவுக்கு நேரே வந்தது. அந்த டிரைவர் பஸ்ஸை மண்ணில் இறக்கியதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் நடுவில் எப்படியோ நுழைந்து வெளியே வந்தோம்.

கொஞ்ச தூரம் போய் ஓரங்கட்டினார். இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். என்னைப் பார்க்கத்தான் வருகிறார் என்று கண்ணாடியை இறக்கினேன். அவர் குனிந்து கதவைத் தடவிப் பார்த்தார். வெளிக் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகல" என்றார்.

அடிமாலியில் டீ குடிக்க நிறுத்தினார். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எங்கே போகிறாய் என்றார்.

"பஸ்ல வர்றேன். உங்களக் கேக்கல, சொல்றேன்."

சிரித்தார். நான் மூணாறு தாண்டும்போது அவர் வீட்டில் குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பாராம். டீயைக் குடித்தார், சத்தத்தோடு கிளம்பிப் போனார். எனக்குப் பஸ் கிடைக்க அரை மணி ஆனது. இடது பக்கம் ஜன்னல் சீட்டு கிடைத்தது.

பள்ளிவாசல் என்ற ஊரைத் தாண்டிய ஏற்றத்தில் முன்னால் கரும்புகை தெரிந்தது. சிலிண்டர் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் எங்கள் கார். எவ்வளவு நேரமாக அங்கே மாட்டியிருந்தாரோ. கால் வைத்தால் பறக்கிற வண்டி விட்டு விட்டு இருமியது, பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. எங்கள் பஸ் டிரைவர் ஒரு தடவை எட்டிப் பார்த்தார், வலது பக்கம் எடுத்தார். கார் என் ஜன்னலுக்கு நேர் கீழே வந்தது. இவர் ஸ்டீயரிங்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, என் இருக்கைமேல் முக்கால் உடம்பைச் சாய்த்து, கழுத்தை நீட்டி எதிரே பார்க்க முயன்றுகொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தது அவருடைய உச்சி வழுக்கை மட்டுந்தான். சாலை காலியாக இருந்தது. "போங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

முன் சீட்டுக்காரர் கண்டக்டரிடம், "என்னா வண்டி சேட்டா. பின்ன எதுக்கு லாரி பின்னாலயே கெடக்கு?" என்று கேட்டார். பஸ் இரண்டையும் தாண்டிப் போனது.

மூணாறில் பஸ் மாறி, மூன்றரைக்கு வீட்டில் இருந்தேன். சோறு வைத்து, ரசம் வைத்து, துணியும் மடித்து முடித்தேன். ஆறு மணிக்கு மேல் அவர் வந்தார். முகமெல்லாம் கரி. எப்படி வந்தாய், சாப்பிட்டாயா, எதற்காக இறங்கினாய், இதில் ஏதாவது ஒன்றைக் கேட்டிருந்தால் எனக்குப் போதும். அடுத்த நாளே காரில் ஏறியிருப்பேன், என் புத்தி அப்படி.

"கார்புரேட்டர் ரிச்சா ஓடுது, பெட்ரோல் அதிகமாப் போகுது. ஜெட்டைக் கொறைக்கணும்" என்றார். தட்டை எடுத்துவைத்தேன்.

போகப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மலை ஊர்க்காரர்கள் கடலோரத்தில் கார்புரேட்டரைச் சரிசெய்தால் சின்ன ஜெட் ஒரு ஜோடி வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மட்டாஞ்சேரியில் பெரிய காரைத் தெருவில் விடாதீர்கள், இடம் கொடுக்கும் விடுதியாகப் பார்த்துத் தங்குங்கள். உப்புக் காற்றுக்கு ஒரு துணி போட்டு மூடுங்கள். மணிச் சேட்டன் நல்ல வேலைக்காரர், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

போன வாரம் இவர் சொல்லி மணிச் சேட்டனிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் குட்டி கேமரா, கூடவே உள்ளங்கை அளவு ஸ்கிரீன். எட்டு வருடமாக அந்தக் காரில் ஒரு சாமிப் படம் ஒட்ட விடாதவர், அந்த ஒரிஜினல் கண்ணாடியில் தன் கையாலேயே டிரில் போட்டு ஓட்டை போட்டார். சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இப்போது என் இருக்கையில் டூல் பெட்டி போகிறது.

அடிமாலியிலிருந்து மூணாறுக்கும், மூணாறிலிருந்து போடிக்கும் பஸ் உண்டு. இரண்டும் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். முடிந்தால் இடது பக்கம் உட்காருங்கள். எதிரே என்ன வருகிறது என்று அங்கிருந்து தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் வேலையும் இல்லை.