அட்டைக்காரியின் வண்டி

சாயங்காலம் கார் வண்டியை நிறுத்தியதும் அவள் முன் சக்கரங்களுக்கு நடுவே ஒரு அட்டையைத் தள்ளிவிடுவாள். ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியோ, டிவி வந்த பெட்டியோ, அகலமாக இருந்தால் போதும். காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் அந்த அட்டையை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். கறுப்பாகச் சொட்டியிருந்தால் இன்ஜின் ஆயில். பச்சை என்றால் கூலன்ட். சிவப்பு என்றால் ஸ்டீயரிங் ஆயில். வெறும் தண்ணீர்க் கறை என்றால் ஏசி, அதற்குக் கவலை இல்லை. முக்கால்வாசி நாள் அட்டையில் ஒன்றுமே இருக்காது. அப்போதும் பார்ப்பாள். சிகிச்சை மையத்து வாசலில் நோயாளிகளுக்காக நாலு மணி நேரம் காத்திருக்கிறபோதும் அட்டை கீழே இருக்கும்.

அதனால் அங்கே நிற்கிற மற்ற ஓட்டுநர்கள் அவளுக்கு அட்டைக்காரி என்று பெயர் வைத்தார்கள். பெயரில் இன்னொரு குத்தலும் இருந்தது. பழைய வண்டியை விடாமல் அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறாளாம். அவள் சிரிக்கவும் இல்லை, சண்டைக்குப் போகவும் இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

சிறுநீரகம் கெட்டுப்போய் வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வருகிறவர்களை வீட்டிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது அவள் வேலை. மையத்தின் வாகனப் பட்டியலில் வண்டியின் எண் இருந்தால்தான் அந்த வேலை. வண்டி நடுத்தர அளவு செடான். அவள் வாங்கும்போதே ஏழு வயது, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. விற்றுக்கொடுத்த தரகர் பானட்டைத் தட்டி, “இன்னும் மூணு வருஷம் தாராளமா உழைக்கும்மா” என்றார்.

அந்தச் சொல் அவள் மனதில் முள் மாதிரி நின்றுவிட்டது. செருப்பு உழைக்கும், மிக்ஸி உழைக்கும், கார் உழைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பொருள் தானாக உழைப்பது போலவும், நாம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது போலவும். மூன்று வருஷம் என்று சொல்ல இவர் யார்? அன்று வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, டேஷ்போர்டு அறையில் கிடந்த கையேட்டை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். எட்டாவதோடு நின்ற படிப்பு. ஒரு பக்கத்துக்கு ஒரு ராத்திரி ஆனது. ஆனாலும் முடித்தாள்.

பிறகு கையேடு சொன்னபடி நடந்தாள். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூலன்ட், பிரேக் ஆயில். லட்சத்துக்கு ஒருமுறை டைமிங் பெல்ட். அறுந்த பிறகு அல்ல, அறுவதற்கு முன். கிளட்ச் இரண்டு முறை போனது, ஆல்டர்னேட்டர் ஒருமுறை. கையேட்டில் சர்வீஸ் கட்டங்கள் தீர்ந்ததும் ஒரு கோடு போட்ட நோட்டைப் பின்னால் ஒட்டிக்கொண்டாள். தரகர் சொன்ன மூன்று வருஷம் வந்தது, போனது. தரகர் தொழிலை விட்டுவிட்டு எங்கோ பெயிண்ட் கடை வைத்தார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

வண்டிக்குப் பதினெட்டு வயதானபோது மையத்துக்குப் புது மேனேஜர் வந்தார். நல்ல இஸ்திரிச் சட்டை, நல்ல பேச்சு. வந்த மாதமே வாசலில் ஒரு தாள் ஒட்டினார். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட வாகனங்கள் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.

அன்று அவள் மேனேஜர் அறைக்குப் போனாள். அந்த அறைக்குள் அவள் போனதே முதல் தடவை. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. வயதைப் பார்க்காமல் வண்டியைப் பாருங்கள் என்று கேட்டாள். பார்த்தாலே தெரிகிறதே என்று மேனேஜர் ஜன்னல் வழியே கை காட்டினார். கதவோரம் பெயிண்ட் வெளுத்திருந்தது உண்மைதான்.

“பார்த்தா தெரியாது சார். பார்த்துக்கிட்டவங்களுக்குத்தான் தெரியும். உங்க ஆளை விட்டே சோதிங்க. தேறலைன்னா லிஸ்ட்ல என் நம்பரை நானே அடிச்சிட்டுப் போறேன்.”

அவள் அவ்வளவு பேசியதில் மேனேஜருக்கே திகைப்பு. அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாகன இன்ஸ்பெக்டர் ஒருவரை வரவழைப்பதாகச் சொன்னார். தேறாவிட்டால் அன்றோடு சரி.

அவள் புருஷன் ஒரு அலுவலகக் கேன்டீனில் சமையல்காரர். மத்தியானம் அடுப்பு அணைந்ததும் வெந்நீரும் பிரஷ்ஷும் எடுத்து, அடுப்பு முகம் பார்க்கிற மாதிரி ஆகும்வரை தேய்ப்பார். அழுக்கான அடுப்பு மரியாதை கெட்ட அடுப்பு என்பார். வியாழக்கிழமை சீக்கிரம் வீட்டுக்கு வந்தவர், மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில் பானட்டைத் திறந்து பார்த்தார். உள்ளே பதினோரு வருஷத் தூசி. மறுநாள் சோதனை. அவருக்கு மனசு கேட்கவில்லை. தோட்டத்து ஹோஸை இழுத்துவந்து, சோப்பு நுரை பொங்க, இன்ஜினை ஒரு பெரிய அடுப்பாக நினைத்துக் கழுவிவிட்டார். சொல்லாமல் வைத்திருந்து காலையில் காட்டலாம் என்று ஆசை.

வெள்ளி காலை ஐந்தரைக்கு அவள் சாவியைத் திருப்பினாள். வண்டி குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி உதறியது. இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. பானட்டைத் திறந்தாள். இரும்பெல்லாம் புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது. வாசற்படியில் காபி டம்ளரோடு நின்ற புருஷனின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

“கழுவுனீங்களா?”

“பளிச்சுன்னு இருந்தா மதிப்பாங்களேன்னு…”

“ஏங்க, நீங்க வடிச்ச சோத்துல நான் என்னிக்காவது கிரீஸ் போட்டிருக்கேனா?”

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தார். அவள் பத்தாம் நம்பர் ஸ்பேனரால், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் நான்கு காயில்களையும் கழற்றினாள். ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழிகளில் தண்ணீர் தேங்கி நின்றது. ஸ்க்ரூடிரைவரில் துணியைச் சுற்றி ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். டயருக்குக் காற்றடிக்கும் பம்ப்பால் ஊதினாள். திரும்ப மாட்டி ஓட்டினபோது உதறல் குறைந்திருந்தது. முழுசாகப் போகவில்லை. விளக்கும் அணையவில்லை. இன்னும் பார்க்க நேரமில்லை. ஆறு மணிக்கு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கிளம்பிக் காத்திருப்பார். அவருக்கு ஒரு முறை சிகிச்சை தவறினால் மூச்சு வாங்கும். சோதனை கெட்டாலும் கெடட்டும் என்று கிளம்பினாள்.

தபால்காரரை இறக்கிவிட்டு வாசலுக்கு வந்தபோது, போன வருஷம் வண்டி வாங்கியதால் புதுசு என்று பெயரெடுத்த ஓட்டுநர் எட்டிப்பார்த்து விளக்கைக் கண்டுபிடித்துவிட்டான். கெட்ட எண்ணம் இல்லாதவன்தான். “அக்கா, பேட்டரி வயரை ரெண்டு நிமிஷம் கழட்டி மாட்டுங்க. விளக்கு போயிடும். இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்” என்று யோசனை சொன்னான்.

அவளுக்கும் அது தெரியும். ஒரு நிமிஷம் கை ஸ்பேனர் பக்கம் போகவும் செய்தது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டாள். “விளக்கை அணைக்கிறதுக்கா இத்தனை வருஷம் பார்த்தேன்? எரியட்டும்” என்று மட்டும் சொன்னாள்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். மேனேஜரும் இறங்கி வந்தார். விளக்கைப் பார்த்ததும் மேனேஜர் உதட்டைச் சுழித்தார். அவள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள், புருஷன் கழுவியது உட்பட. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கருவியைச் சொருகிப் பார்த்து, மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றார். அவள் அவர் முன்னாலேயே மூன்றாவது காயிலை உருவினாள். அடியில் இருந்த ரப்பர் உறைக்குள் ஈரம் பனித்திருந்தது. காலை அவசரத்தில் அதை மட்டும் திருப்பிப் பார்க்காமல் விட்டிருக்கிறாள். துடைத்தாள், ஊதினாள், மாட்டினாள். இன்ஸ்பெக்டர் கருவியில் இருந்த பழுதுக் குறிப்பை அழித்து விளக்கை அணைத்துவிட்டு, தானே இருபது நிமிஷம் மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிவிட்டு வந்தார். விளக்கு திரும்ப எரியவில்லை.

அப்புறம் தான் கொண்டுவந்திருந்த இரும்புச் சாய்மேடையில் வண்டியை ஏற்றி அடியில் போனார். பிரேக், அச்சு மூட்டுகளை மூடும் ரப்பர் பூட்ஸ், சைலன்சர், துரு எல்லாம் பார்த்தார். நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். படித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. பின் பக்கத்து ரப்பர் புஷ் ஒன்று மட்டும் தேய்ந்திருக்கிறது, மாற்றிவிட்டால் வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதிக்கொடுத்தார்.

மேனேஜர் தாளை வாங்கிப் பார்த்தார். வண்டி நன்றாக இருப்பது சந்தோஷம், ஆனால் விதி விதிதானே, வேண்டுமானால் விதிவிலக்காக ஆறு மாதம் தருகிறேன், அதற்குள் புது வண்டிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்றார். பெரிய மனது பண்ணுகிற குரல்.

அந்த நேரத்தில்தான் தபால்காரர் சிகிச்சை முடிந்து, கையில் கட்டோடு மெல்ல நடந்து வந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

“தம்பி, எனக்கு எழுபத்தொண்ணு. உள்ள ரெண்டும் வேலை செய்யல. என் பேரை லிஸ்ட்ல வெச்சிருக்கீங்க. வேலை செய்யிற வண்டி நம்பரை அடிக்கிறீங்க. இது என்ன கணக்கு?”

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அவள் முந்திக்கொண்டாள். “விதிவிலக்கு வேண்டாம் சார். அது நீங்க இரக்கப்பட்டுக் கொடுக்கிறது. இரக்கப்பட இங்க ஒண்ணும் கெட்டுப்போகல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சோதிங்க, என் வண்டியை மட்டுமில்ல, நேத்து வாங்கின வண்டியையும். தேறுறது ஓடட்டும். அப்படி எழுதிக் கொடுங்க. ஆறு மாசம்னு எழுதினா கையெழுத்துப் போட மாட்டேன்.”

சொல்லிவிட்டு, தபால்காரருக்குப் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

இரண்டு வாரம் பதில் இல்லை. அந்த இரண்டு வாரமும் அவளுக்குச் சவாரி ஒதுக்கவில்லை. தபால்காரர் வேறு வண்டியில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தார். பையன் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் அந்த அம்மா எங்கே என்று கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் வாரம் மூன்று நாள் வருகிறவர்கள், ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். மூன்றாவது வாரம் வாசலில் புதுத் தாள் வந்தது. வயது எதுவானாலும் எல்லா வாகனங்களுக்கும் அரையாண்டுச் சோதனை. முதல் சோதனையில் இரண்டு வண்டிகள் திரும்பிப் போயின. ஒன்று ‘புதுசு’ ஓட்டுநருடையது, டயர் வழுக்கையாகியிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை. எந்தக் கடையில் டயர் நன்றாக இருக்கும் என்று அவன் கேட்டபோது சொன்னாள்.

இப்போது வண்டிக்கு இருபது வயது. நாலு லட்சத்து முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர். இதுவரை மூன்று சோதனை தேறியிருக்கிறது; நாலாவது அடுத்த மாதம். வெயில் காலத்தில் ஏசி கொஞ்சம் திணறுகிறது. தபால்காரர் போன மழைக்காலத்தில் இறந்துபோனார். அவர் நேரத்துக்கு இப்போது ஒரு கணக்கு டீச்சர் வருகிறார். பட்டியலில் மூன்றாவது வரியில் அவளுடைய வண்டி எண் இருக்கிறது.