வில்லரேயில் மட்டும் பனி குறைவு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம், மான்ட்ரியல் முழுவதும் பனி கொட்டியது. எங்கள் வீட்டு வாசலில் மட்டும் குறைவாகக் கொட்டியது. இதை ஒரு நிபுணராகச் சொல்லவில்லை. வானிலையைக் கவனிக்கும்படி யாரும் என்னை நியமிக்கவில்லை. பகலில் பாலங்களுக்குக் கணக்குப் போடும் பொறியாளன் நான். மற்ற நேரத்தில், அடுத்த பனிப்புயல் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று ரேடியோவில் கேட்பேன். வந்ததும் அதை அளப்பேன். ஊரில் மற்றவர்கள் ஹாக்கி பார்த்தார்கள். இரண்டில் எது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்ததில்லை.

அளப்பது எளிது. வெள்ளை பெயின்ட் அடித்த ஒரு பலகையை வெளியே வைக்க வேண்டும். காலையும் மாலையும் அதன்மேல் விழுந்திருக்கும் பனியில் ஸ்கேலைக் குத்திப் பார்க்க வேண்டும். பிறகு பலகையைத் துடைத்துவிட வேண்டும், அடுத்த கணக்கு சுத்தமாகத் தொடங்குவதற்கு. அந்த வருஷம்தான் ஊரின் வில்லரே பகுதியில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். தோட்டம் கீழே குடியிருந்த வீட்டுக்கார இத்தாலியருடையது. அதில் தக்காளிச் செடி இல்லாத மாதங்களிலும் நாங்கள் கால் வைக்கக் கூடாது. ஆகவே தெருவிலிருந்து ஏறிவரும் இரும்புப் படிக்கட்டு முடிகிற இடத்தில், கதவுக்கு வெளியே, பலகையை வைத்தேன். டிசம்பர் பாதியில்.

பக்கத்துப் பகுதியான செயின்ட்-மிஷேலில், இந்தப் பனியளக்கும் வியாதியில் எனக்கு ஒரு சக நோயாளி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் வேலை. கோயில் சாப்பாட்டு வரிசையில், முந்தின நாள் பெய்தது எத்தனை சென்டிமீட்டர் என்று யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்தவரைக் கண்டதும் எனக்குக் கண் கலங்காத குறை. அவருடைய மனைவியும் பத்து வயது மகளும் கொழும்பில் விசா பேப்பருக்காகக் காத்திருந்தார்கள். அவர் நிலவறை வீடு ஒன்றில் தனியாக இருந்தார். அவர் என்னை அண்ணை என்பார், நான் அவரை சார் என்பேன். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. வேலைக்குக் கிளம்புமுன் தினமும் போன் வரும். “என்ன அண்ணை, எவ்வளவு?”

நான் என் கணக்கைச் சொல்வேன். அவர் தன்னுடையதைச் சொல்வார். ஒருபோதும் ஒத்துப்போகவில்லை. அவருக்கு இருபது என்றால் எனக்கு எட்டு. அவருக்குப் பத்து என்றால் எனக்குப் பலகையில் உப்புத் தூவியது போல ஏதோ கொஞ்சம். நடுவில் இருப்பது சில கிலோமீட்டர்.

நான் படித்தவன், ஆகவே காரணங்களுக்குப் பஞ்சமில்லை. முதலில் ஊர் நடுவில் நிற்கும் மலையைச் சந்தேகித்தேன். பிறகு காற்றை. பிறகு எங்கள் தெருவுக்கு அடியில் ஓடும் மெட்ரோவின் சூட்டை. மெட்ரோ எங்கள் தெருவுக்கு அடியில் ஓடவில்லை என்று பிற்பாடு வரைபடத்தில் தெரிந்தது. மூலையில் இருந்த பேக்கரியின் புகைபோக்கியைக்கூட ஒரு வாரம் முறைத்துப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

ஒரு நாள் காலை அவர் பனியளவு கேட்கவில்லை. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்புக்குப் பேசும்போது மகளுக்கு அந்த வாரத்துப் பனியைச் சொல்வாராம். அவளுக்கு அதில் ஆசை. தன்னைப் போல இன்னொரு மாமாவும் அளக்கிறார் என்ற பெருமையில் என் கணக்கையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

“இப்ப அவ தாயிட்டைச் சொல்லியிருக்கிறா அண்ணை. மாமா வீட்டிலை கொஞ்சம்தானே பெய்யுது, அப்பா சும்மா கூட்டிச் சொல்லுறார் எண்டு. அப்ப பேப்பர் வருது எண்டு சொல்லுறதும் அப்பிடித்தானோ எண்டு கேட்டவவாம்.”

மறுபடி அளந்து பார்க்கிறேன் என்றேன். பெய்து, துடைத்து, போய்விட்ட பனியை எப்படி மறுபடி அளப்பது என்று அவரும் கேட்கவில்லை.

அடுத்த புயல் அன்றிரவே வந்தது. விடியுமுன் காற்றின் ஊளையில் விழித்துக்கொண்டேன். பக்கத்தில் மனைவி இல்லை. தினமும் அந்த நேரத்தில் எழுந்து அவள் படிக்கட்டுப் பனியை ஒதுக்குவது எனக்குத் தெரியும்; நான் வழுக்கி விழக் கூடாது என்கிற அக்கறை என்று எடுத்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தேன். என் பூட்ஸையும் என் பார்க்கா கோட்டையும் போட்டுக்கொண்டு, துடைப்பத்தைக் கைப்பிடிக் கம்பியில் சாய்த்துவிட்டு, அவள் என் பலகையின்மேல் குனிந்திருந்தாள். கையில் அரிசி மாவுக் கிண்ணம். பலகை சுத்தமாகப் பெருக்கப்பட்டிருந்தது. கோலம் பாதி வந்திருந்தது.

மார்கழி மாதம். எனக்குத்தான் நினைவில்லை. வெள்ளைப் பலகையில் வெள்ளை மாவு, அதன்மேல் இரண்டு மணி நேரத்துப் பனி. ஏழு மணிக்கு ஸ்கேலோடு வருகிற மேதைக்கு என்ன தெரியும்?

“இரும்புப் படியில மாவு நிக்காதுன்னு நீங்க எனக்காகப் பலகை போட்டீங்களே,” என்றாள். “இத்தனை வருஷத்துல நீங்களா யோசிச்சு எனக்குன்னு செஞ்சது இது ஒண்ணுதான்.”

நான் ஆமாம் என்றேன். வேறு என்ன பதில் இருந்தது என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நண்பருக்கு போனில் உண்மையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் ஞாயிறு காலை மறுபடி அழைத்தபோது சிரிப்பில்லை. மகளிடம் சொல்லியிருக்கிறார். பனிப்புயலில் ஆராவது கோலம் போடுவினமோ, அப்பா இப்ப இன்னும் பெரிய பொய் சொல்லுறார் என்று அவள் அழுதிருக்கிறாள். “நீங்களே ஒருக்கா வந்து அவவோடை கதையுங்கோ அண்ணை.”

மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். போகும் வழியில் பலகையின் வரலாற்றை அவளிடம் சொல்லவேண்டி வந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, “அப்ப எனக்குன்னு ஒண்ணு வாங்கிக் குடுங்க,” என்றாள்.

நண்பர் எண்களைச் சுழற்றி, ரிசீவரை என்னிடம் நீட்டினார். என் கணக்கு தப்பு, உன் அப்பா சொன்னதுதான் சரி என்று குழந்தையிடம் சொன்னேன்.

“அப்பாவின்ரை சரியெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் மாமா?”

அறிவியல்பூர்வமான கேள்வி. எனக்குத் தெரியாதுதான். என் பனியை நான் அளக்கவே இல்லை. அவருடையதை நான் பார்த்ததே இல்லை. மனைவி ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவள் பனியைப் பற்றி எதுவும் பேசவில்லை. கையுறை போட்டால் மாவு விரலுக்குள் நிற்காது, கழற்றினால் விரல் விறைத்துவிடும், அதனால் இழையெல்லாம் கயிறு மாதிரி தடித்துப் போகும் என்றாள். மாமாவின் பூட்ஸ் பெரிது, ஒருநாள் தடுக்கிக் கோலத்தின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன் என்றாள். மறுமுனையில் அந்தப் பெண் சிரிப்பது அறையில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

பிறகு நண்பர் வாங்கிப் பேசினார். “ஓம் பிள்ளை,” என்றார். கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார். “ஓம். பேப்பரும் வரும்.” நிலவறையின் ஒரே ஜன்னலைப் பனி முக்கால்வாசி மூடியிருந்தது. அதைப் பார்த்தபடியே ரிசீவரை வைத்தார்.

“இண்டைக்கு உங்கட பக்கம் எவ்வளவு அண்ணை?”

கிளம்பிய அவசரத்தில் நான் அளந்திருக்கவில்லை. “உங்களுக்கு எவ்வளவு சார்?” என்றேன்.

“பன்னிரண்டு.”

எனக்கும் பன்னிரண்டுதான் என்றேன்.